புடைவை மூட்டையும் வாக்குச் சீட்டும்

என் பாட்டனார் 1936ஆம் ஆண்டில் அட்டன் தொகுதியில் வாக்களித்தவர். அதே தோட்டத்தில் பிறந்து உழைத்த என் தந்தையாரோ ஒருமுறையேனும் வாக்களியாமல் கண்மூடினார். தந்தைக்கிருந்த உரிமை மகனுக்கு ஏன் இல்லாது போயிற்று என்று எண்ணும்போதெல்லாம் கோ. நடேசய்யர் என் நினைவுக்கு வருகிறார்.

1887ஆம் ஆண்டு தஞ்சைச் சீமையில் பிறந்த ஐயர், அங்கே வர்த்தக மித்திரன் என்னும் பத்திரிகையை நடத்தியவர். இலங்கை வந்த அவர் உள்ளத்தை மலைநாட்டுத் தொழிலாளரின் துயரம் வாட்டியது. ஆனால் அந்நாளில் துரையின் அனுமதியின்றி வெளியார் தோட்டத்தில் கால் வைத்தல் இயலாது. புடைவை வியாபாரிகள் மட்டுமே போய்வரலாம். ஆகவே ஐயரும் புடைவை மூட்டையைச் சுமந்துகொண்டு லயங்களுக்குள் நுழைந்தார். தொழிலாளரின் நிலையை நேரிற் கண்டறிந்தார். 1921இல் கொழும்பில் தேசநேசன் பத்திரிகையின் ஆசிரியரானார்.

1925இல் சட்டநிரூபண சபையில் இடம்பெற்றார். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனம் கண்டார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களிலே பாடித் தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். 1936இல் ஐயரை அரசாங்க சபைக்கு அனுப்பிய வாக்குகளுள் என் பாட்டனாரின் வாக்கும் ஒன்று.

1947 நவம்பர் 7ஆம் நாள் ஐயர் மறைந்தார். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். இன்றேல் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும் என்றது அது. பாட்டனார் தமிழகத்தில் பிறந்தவர். ஆதலால் இலங்கையிற் பிறந்தும் என் தந்தையார் பிரஜையாகவில்லை. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டனர். அப்படிப் பங்கிடப்பட்ட மக்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. எஞ்சியோருக்கும் வழிதிறந்த 2003ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே நான் பிரஜையானேன். அப்போது எனக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

உரிமை வந்துவிட்டது, கடமை தீர்ந்துவிட்டதா? ஆண்டுதோறும் வாக்காளர் இடாப்பில் தம் பெயர் உண்டா என்று பார்ப்பவர் எங்கள் லயத்திலே சிலரே. தேர்தலுக்கு முன்னிரவு வரும் சாராயப் போத்தலுக்கு மனமிழப்போரும் உளர். வென்றவரைத் தேடிச் சென்று, கொடுத்த வாக்குறுதி என்னாயிற்று என்று கேட்போர் அதனினும் அரியர்.

தமக்கு மறுக்கப்பட்ட இடத்தினுள் மூட்டை சுமந்து நுழைந்தார் நடேசய்யர். நமக்குத் திறந்திருக்கும் வாக்குச் சாவடிக்குச் செல்ல, மழையென்றும் தூரமென்றும் நாம் தயங்கலாமா? சென்ற தேர்தலன்று என் மகளும் சற்றுத் தயங்கினாள். அவளுடைய பாட்டனாரின் கதையைச் சொன்னேன். மறுமொழி கூறாது குடையை எடுத்துக்கொண்டு என்னோடு புறப்பட்டாள்.