பாவைக்கூத்தர் ஸ்கூபா

மரப்பாவைக்கு உயிரில்லை, ஆயினும், வல்லவன் கையில் அது ஒரு நாட்டின் உள்ளத்தையே பேசும். இதனை மெய்ப்பித்தவர் செக் நாட்டு யோசெப் ஸ்கூபா.

இவர் 1892ஆம் ஆண்டு ஸ்ட்ரகோனிட்சே என்னும் ஊரிற் பிறந்தார். பில்சென் நகரில் ஓவிய ஆசிரியராய் இருந்துகொண்டே பாவைக்கூத்தும் நிகழ்த்தினார். 1918ஆம் ஆண்டு ஆஸ்திரியப் பேரரசு சரிந்தபோது, இவரது கோமாளிப் பாவை அப்பேரரசை மேடையிற் புதைத்துக் காட்டியது.

பின்னர், ஸ்பெய்பல் என்னும் தந்தைப் பாவையை 1920இலும், ஹுர்வீனெக் என்னும் மகன் பாவையை 1926இலும் அரங்கேற்றினார். தந்தை பழமையிலே தடுமாறுவார். மகன் ஓயாது வினவுவான். இருவர்க்கும் குரல் கொடுத்தவர் ஸ்கூபா ஒருவரே.

1939ஆம் ஆண்டு நாசிகள் அந்நாட்டைக் கைப்பற்றினர். வெளிப்படப் பேசுதற்கு அஞ்சிய அக்காலத்தில், இவருடைய பாவைகள் குறிப்பால் மக்களுக்கு நம்பிக்கை ஊட்டின. 1944ஆம் ஆண்டு நாசிக் காவலர் ஸ்கூபாவைச் சிறையிலிட்டனர். பாவைகளையும் பெட்டகத்துள் வைத்துப் பூட்டினர்! 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சால் எரிந்தபோது, அங்குச் சிறையிலிருந்த அவர் தப்பினார். போர் முடிந்தபின் பிராகா நகரில் மீண்டும் அரங்கு அமைத்தார், 1957இல் மறைந்தார்.

மாணவர்களே! படைவலியுடையோரும் இரண்டு மரப்பாவைகளுக்கு அஞ்சினர். நற்கருத்தைத் தாங்கிய கலை, எளியதாயினும் வலியது என்பதை உணர்வீர்களாக.