நடிகையர் திலகம் சாவித்திரி

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் கூட்டேரிப்பட்டு. இத்தகைய ஊர்ப்புறங்களில் ஒருகாலத்தில் மணல் தரையில் அமர்ந்து கூடாரக் கொட்டகையில் படம் பார்ப்பதே மக்களின் பெரும் பொழுதுபோக்கு. அக்காலத்து முதியோரிடம் பழைய காதல் படங்களைப் பற்றிக் கேட்டால், அவர்கள் முகம் மலர்ந்து கூறும் பெயர்களுள் முதன்மையானது சாவித்திரி.

தடுமாறிய தொடக்கம்

ஆந்திர மாநிலம் குண்டூர் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூரான சிர்ராவூரில் சாவித்திரி பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். உறவினர் ஆதரவில் விஜயவாடாவில் வளர்ந்து, நடனமும் நாடகமும் பயின்றார். வாய்ப்புத் தேடிச் சென்னைக்கு வந்த அவருக்கு, எல்.வி. பிரசாத் இயக்கிய 'சம்சாரம்' (1950) என்னும் தெலுங்குப் படத்தில் கதைத்தலைவி வேடம் கிடைத்தது. ஆனால், புகழ்பெற்ற நடிகர்முன் நின்றதும் அச்சத்தால் நாவெழவில்லை. வேடம் வேறொருவருக்குச் சென்றது. சாவித்திரிக்கு மிகச் சிறிய வேடமே எஞ்சியது. அவர் ஊர் திரும்பவில்லை. கிடைத்த சிறு வேடங்களை ஏற்று நடிப்பைக் கற்றுக்கொண்டார்.

1953இல் வெளிவந்த 'தேவதாஸ்' படத்தின் பார்வதி வேடம் அவரை அடையாளம் காட்டியது. ஈராண்டுகளுக்குப் பின்னர், 'மிஸ்ஸியம்மா'வில் கதைத்தலைவியாக நடிக்கவிருந்த பி. பானுமதி விலகவே, இரண்டாம் வேடத்திற்குத் தேர்வாகியிருந்த சாவித்திரிக்கு அவ்விடம் வந்தது. வேலை கிடைப்பதற்காகக் கணவன் மனைவியாக நடிக்கும் ஆசிரியர் இருவரின் கதை அது. நகைச்சுவையும் காதலும் இழையோடிய அப்படத்தை இயக்கியவரும் எல்.வி. பிரசாத்தே. முன்பு தடுமாறிய அவரது படத்திலேயே தம் திறத்தை நிலைநாட்டினார் சாவித்திரி.

கண்கள் பேசிய கலை

தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், தமிழைக் கற்று, 'பாசமலர்' போன்ற படங்களில் தம் குரலிலேயே உரையாடினார். 'களத்தூர் கண்ணம்மா'வில் (1960) காதலனையும் குழந்தையையும் பிரிந்து வாடும் ஏழைப்பெண். 'பாசமலர்' (1961) படத்தில் அண்ணனுக்கும் கணவனுக்கும் இடையே தவிக்கும் தங்கை. 'நவராத்திரி'யில் (1964) சிவாஜி கணேசனின் ஒன்பது வேடங்களுக்கும் ஈடுகொடுக்கும் ஒருத்தி. சொல்லால் உணர்த்த இயலாததைப் பார்வையாலும் உதட்டின் சிறு அசைவாலும் உணர்த்துவது அவரது தனித்திறன். அவருடன் பல காதல் படங்களில் இணைந்து நடித்த ஜெமினி கணேசனே வாழ்க்கைத் துணையும் ஆனார்.

நடிப்போடு அவர் நிற்கவில்லை. 1968இல் 'சின்னாரி பாப்பலு' என்னும் தெலுங்குப் படத்தை இயக்கினார். அதே கதையைத் தமிழில் 'குழந்தை உள்ளம்' (1969) எனப் படைத்தார். பெண் இயக்குநர்கள் மிக அரிதாக இருந்த காலத்தில் இது துணிவான முயற்சியாகும்.

கொடுத்துச் சிவந்த கை

நாட்டின் பாதுகாப்பு நிதிக்குத் தம் நகைகளை வழங்கியவர். உதவி கேட்டு வந்தோரை வெறுங்கையோடு அனுப்பாதவர். எனினும், ஈட்டியதைக் காக்கும் கலையை அவர் கற்கவில்லை. தாமே தயாரித்து இயக்கிய 'பிராப்தம்' (1971) எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. குடும்ப வாழ்வும் முறிந்தது, செல்வம் கரைந்தது, உடல்நலம் குன்றியது. 1980இல் நினைவிழந்த அவர், ஓராண்டுக்கும் மேலாக மீளாமலேயே, 1981 டிசம்பர் 26 அன்று மறைந்தார். திரையில் அவர் அழுதபோது உடனழுத பெருங்கூட்டத்தில், அவருடைய வாழ்க்கைத் துயரைப் பகிர்ந்துகொண்டோர் சிலரே.

2011இல் இந்திய அஞ்சல்துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. 2018இல் அவரது வாழ்க்கையே திரைப்படமாகி, அவர் பிறைவை அறியாத தலைமுறையையும் கலங்கவைத்தது.

முதல் தோல்வியில் துவளாத சாவித்திரியின் உறுதி நாம் பின்பற்றத்தக்கது. உழைத்துச் சேர்த்ததைப் போற்றிக் காக்கவேண்டும் என்பதும் அவர் வாழ்வு உணர்த்தும் பாடமாகும். கலைஞரைக் கொண்டாடும் சமுதாயம் அவரது தளர்ச்சியிலும் உடன்நிற்க வேண்டும். அதுவே கலைக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றி.