பிழை திருத்தம் யாருக்காக?

போட்டித் தேர்வு எழுதும் நம் இளைஞர்களுக்கு நன்கு பழகிய வினா ஒன்று உண்டு. ஓர் ஆங்கில வாக்கியம் சில பகுதிகளாகப் பிரித்துத் தரப்பட்டிருக்கும். பிழை எந்தப் பகுதியில் இருக்கிறது என்று கூற வேண்டும். அல்லது, அடிக்கோடிட்ட பகுதிக்கு மாற்றாக உள்ளவற்றுள் பொருத்தமானதைத் தெரிவு செய்ய வேண்டும். பணியாளர் தேர்வு ஆணையம் நடத்தும் தேர்வு முதல் வங்கித் தேர்வு வரை இவ்வினா இடம்பெறுகிறது. ஒரு மதிப்பெண்ணில் வேலை கிடைப்பதும் கைநழுவுவதும் உண்டு என்பதால் இதை எளிதாகக் கருதிவிட முடியாது.

இத்தேர்வுகளுக்கு ஆங்கிலம் கற்பித்த ஆண்டுகளில் நான் கண்டது இது: மாணவர்கள் வாக்கியத்தைப் படித்துப் பொருள் காண்பதில்லை, மீறப்பட்ட விதி எது என்று மட்டும் தேடுகிறார்கள். அவர்கள் மனப்பாடம் செய்யும் விதிகளுள் சில, விதிகளே அல்ல. இதை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துரைத்தவர் ஹென்றி வாட்சன் ஃபவுலர். அவர் வாழ்வை நம் ஆசிரியர்களும் தேர்வர்களும் அறிந்துகொள்வது நலம்.

1858-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள டன்பிரிட்ஜில் பிறந்தவர் ஃபவுலர். எட்டுப் பிள்ளைகளுள் மூத்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் அவர் பெற்றது இரண்டாம் வகுப்புத் தேர்ச்சியே. பின்னர் செட்பர் பள்ளியில் 17 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். விடுதிப் பொறுப்பாளர் பதவி அவரைத் தேடி வந்தது. ஆனால், அப்பதவியில் இருப்பவர் மாணவர்களைத் திடப்படுத்தல் என்னும் கிறிஸ்தவ சமயச் சடங்குக்கு ஆயத்தம் செய்ய வேண்டும். தமக்கு நம்பிக்கை இல்லாத ஒன்றைப் பிறருக்குப் போதிக்க மனமின்றி, 1899-இல் வேலையைத் துறந்தார். அப்போது அவருக்கு வயது 41.

லண்டனில் சில ஆண்டுகள் கட்டுரை எழுதிக் காலம் கழித்த பின், 1903-இல் கெர்ன்சி தீவுக்குச் சென்றார். அங்கே அவர் தம்பி பிரான்சிஸ் தக்காளி பயிரிட்டுக் கொண்டிருந்தார். சகோதரர்கள் இருவரும் அருகருகே இரு சிறு வீடுகளில் வாழ்ந்து இணைந்து எழுதத் தொடங்கினர். 1906-இல் வெளிவந்த 'தி கிங்ஸ் இங்கிலிஷ்' அவர்களுக்குப் பெயர் தேடித் தந்தது.

அந்நூலின் முறை எளியது, துணிவானது. பிழையான வாக்கியங்களை அவர்கள் தாமாகப் புனையவில்லை. 'தி டைம்ஸ்' போன்ற பெரும் நாளேடுகளிலிருந்தும் புகழ்பெற்ற எழுத்தாளர்களின் நூல்களிலிருந்தும் எடுத்து வரிசைப்படுத்தினர். ஒவ்வொன்றிலும் வாசகர் எங்கே தடுமாறுவார், ஏன் தடுமாறுவார், எப்படி மாற்றினால் தடுமாற்றம் நீங்கும் என்று விளக்கினர். இன்றைய வாக்கியத் திருத்த வினாவில் உள்ள மூன்று படிகளும் இவையே. ஆனால், நம் தேர்வில் நடுப்படியான 'ஏன்' என்பது காணாமற்போய்விட்டது.

தேர்வுகளில் அடிக்கடி வரும் ஒரு பிழையை எடுத்துக்கொள்வோம். வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒரு வினையெச்சம் வரும். அச்செயலைச் செய்தவர் எழுவாயாக வரமாட்டார். தமிழில் இதை உணர்வது எளிது. சாலையில் நடந்து வந்து மழை பிடித்துக்கொண்டது என்று எவரும் எழுதுவதில்லை. எழுதினால் நடந்து வந்தது மழை என்றாகிவிடும். 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என்பதைத் தொல்காப்பியமே வகுத்துள்ளது. ஆங்கிலத்தில் இதே தவறு பெரிய ஏடுகளிலும் மலிந்திருந்ததை ஃபவுலர் சகோதரர்கள் சுட்டிக்காட்டினர். இங்கே விதியும் பொருளும் ஒன்றாக நிற்கின்றன. இவ்வாறு விளக்கினால் தமிழ் மாணவர் ஒரு நாளில் புரிந்துகொள்வார், மனப்பாடம் தேவையில்லை.

1911-இல் சகோதரர்கள் தொகுத்த 'கன்சைஸ் ஆக்ஸ்ஃபோர்டு' அகராதி வெளிவந்தது. பின்னர் உலகப் போர் மூண்டது. 1915-இல், 57 வயதான ஃபவுலர் தமக்கு வயது 44 என்று கூறிப் படையில் சேர்ந்தார். சொல்லில் துல்லியம் தேடிய அவர் அறிந்தே சொன்ன பொய் அது! பிரான்சுக்கு அனுப்பப்பட்டும் போர்முனை கிடைக்கவில்லை. எடுபிடி வேலைகளே கிடைத்தன. உடல் நலிந்து திரும்பினார். தம்பி பிரான்சிஸ் 1918-இல் காசநோய்க்குப் பலியானார்.

இருவரும் சேர்ந்து எழுதத் திட்டமிட்டிருந்த பெருநூலை ஃபவுலர் தனியே எழுதி முடித்தார். 'மாடர்ன் இங்கிலிஷ் யூசேஜ்' என்னும் அந்நூல் 1926-இல் வெளிவந்தது. அதைத் தம்பிக்கே காணிக்கையாக்கினார்.

பிழைகளைக் கண்டிப்பதோடு அந்நூல் நிற்கவில்லை. போலி விதிகளையும் கண்டித்தது. 'டு' என்னும் சொல்லுக்கும் அதையடுத்த வினைக்கும் இடையே வேறு சொல் புகுதல் கூடாது, முன்னிடைச் சொல்லில் வாக்கியம் முடிதல் கூடாது என்று ஆசிரியர்கள் அடித்துக் கற்பித்த காலம் அது. பின்னதை மூடநம்பிக்கை என்றே ஃபவுலர் ஒதுக்கினார். முன்னதை விரும்பத்தக்கது என்று அவர் சொல்லவில்லை. ஆனால், அதைத் தவிர்க்கப் போய்ப் பொருள் மயங்குமானால், அல்லது வாக்கியம் செயற்கையாகுமானால், தவிர்க்காமல் விடுவதே மேல் என்றார். ஒரே பொருளை அழகுக்காக வெவ்வேறு சொல்லால் குறிக்கும் பழக்கத்தையும் சாடினார். சொல் மாறினால் பொருளும் மாறியதோ என்று வாசகர் ஐயுறுவார் அல்லவா?

அவருடைய கருத்துகளுக்கே நேர்ந்த கதி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'தட்', 'விச்' என்னும் இரண்டையும் வெவ்வேறு பணிக்கு ஒதுக்கினால் தெளிவு கூடும் என்று அவர் பரிந்துரைத்தார். பெரும்பாலோரும் சிறந்த எழுத்தாளர்களும் அவ்வாறு எழுதவில்லை என்பதையும் அங்கேயே ஒப்புக்கொண்டார். பரிந்துரையாகப் பிறந்த அது, பிற்காலத் தேர்வுப் பயிற்சி நூல்களில் மீற முடியாத விதியாகிவிட்டது.

ஃபவுலர் சொன்னதெல்லாம் சரியென்று நான் வாதிடவில்லை. வினைப்பெயருக்கு முன் வரும் பெயர் வேற்றுமை உருபு ஏற்றே நிற்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். டென்மார்க்கின் மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் அதைச் சான்றுகளுடன் மறுத்தார். இன்றைய ஆங்கில வழக்கு யெஸ்பர்சன் பக்கமே சாய்ந்திருக்கிறது. ஆயினும், ஃபவுலர் தம் முடிவுக்குக் காரணம் கூறினார். அதனால்தான் அதை மறுக்கவும் முடிந்தது. காரணம் கூறாத விதியை எவ்வாறு மறுப்பது?

1933 டிசம்பர் 26 அன்று, 75-ஆம் வயதில், சாமர்செட் பகுதியின் சிற்றூர் ஒன்றில் அவர் மறைந்தார். மேலாண்மைக் கல்வி நிலையங்களுக்கான ஜிமேட் தேர்வு, 2023-இல் அறிமுகமான புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்த வினாக்களையே கைவிட்டுவிட்டது. நம் தேர்வுகள் அவ்வாறு கைவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. கடிதமும் கோப்பும் எழுதவிருக்கும் பணியாளருக்குத் தெளிவாக எழுதத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சோதிப்பது முறையே.

ஆனால், வினா அமைப்போர் ஒன்றை உறுதி செய்தாக வேண்டும். பிழை என்று குறிக்கப்படும் இடம் வாசகரைத் தடுமாறச் செய்கிறதா? அறிஞரிடையே இருவேறு கருத்துள்ள வழக்குகளை வைத்து மதிப்பெண்ணைப் பறிப்பது அறமாகாது. விடைக்குறிப்புடன் காரணத்தையும் வெளியிட்டால் தேர்வரும் கற்பார். தேர்வும் நேர்மை பெறும். ஆசிரியர்களும் விதிப் பட்டியலை நீட்டுவதை விடுத்து, நாளேட்டின் ஒரு பத்தியைக் கையில் கொடுத்து, எங்கே பொருள் மயங்குகிறது என்று கேட்கலாம். கெர்ன்சி தீவில் அந்தச் சகோதரர்கள் செய்ததும் அதுதான்.