உடலும் உரிமையும்: சுப்பிரமணிய சிவா

நுழையும்முன்

நோயுற்றவர் மருந்தை மட்டும் நாடி மருத்துவமனைக்கு வருவதில்லை. மதிப்பையும் நாடியே வருகிறார். அவருடைய உடலைப் பற்றிய முடிவை எடுப்பவர் யார்? மருத்துவரா, அரசா, உறவினரா, அவரேயா? இவ்வினாவின் ஆழத்தை உணர்த்தும் வாழ்க்கை ஒன்று, தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் நிறைவுற்றது.

வீரத்தின் விளைநிலம்

திண்டுக்கல்லை அடுத்த வத்தலக்குண்டில் 1884 அக்டோபர் 4 அன்று பிறந்தவர் சுப்பிரமணிய சிவா. சுப்பராமன் என்பது பெற்றோர் இட்ட பெயர். இளமையிலேயே நாட்டுப்பற்றும் ஆன்மிக நாட்டமும் அவருள் ஒருங்கே வளர்ந்தன. தூத்துக்குடிக்கு வந்த அவர், கப்பல் நிறுவனம் நடத்திய வ.உ.சிதம்பரனாருடன் இணைந்தார். 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, இருவரும் அவர்களுக்குத் துணைநின்றனர். சிவாவின் மேடைப்பேச்சு மக்களைத் தட்டியெழுப்பியது.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் இருவரும் கைது செய்யப்பட்டனர். அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்ட சிவாவுக்குத் திருநெல்வேலி நீதிமன்றம் பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. சிறையில் கம்பளி உரோமத்தைப் பதப்படுத்தும் கடும்பணி அவருக்குத் தரப்பட்டது. 1912இல் விடுதலை பெற்றபோது அவருடைய உடலைத் தொழுநோய் பற்றியிருந்தது. அப்போது அவருக்கு அகவை இருபத்தெட்டு.

நோயும் சட்டமும்

அந்நாளில் தொழுநோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. நீரடிமுத்து எண்ணெயே பெரும்பாலும் மருந்தாகப் பயன்பட்டது. நோயின் கொடுமையினும் பெரிதாயிருந்தது, நோயாளியைச் சமூகம் நடத்திய முறை. 1898ஆம் ஆண்டுத் தொழுநோயாளிகள் சட்டம், ஆதரவற்ற தொழுநோயாளிகளைக் காவலர் பிடிக்கவும், அவர்களைத் தனி விடுதிகளில் அடைத்து வைக்கவும் வழிசெய்தது. அடைக்கப்படுபவரின் இசைவு அங்கே தேவைப்படவில்லை.

சிவாவுக்குத் தொடர்வண்டிப் பயணம் மறுக்கப்பட்டது. அவர் ஊர்சுற்றிப் பேசுவதை அத்தடை நிறுத்திவிடும் என்று ஆட்சியாளர் எண்ணியிருக்கலாம். அவரோ கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்றார். புண்பட்ட கால்களோடு நடப்பது எளிதன்று. எனினும், தம் உடல் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பிறர் முடிவு செய்வதை அவர் ஏற்கவில்லை. 1913இல் ஞானபானு என்னும் இதழைத் தொடங்கினார், பாரதியாரும் வ.உ.சி.யும் அதில் எழுதினர். 1921இல் மீண்டும் சிறை புகுந்தார்.

பாப்பாரப்பட்டியில்

அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்த பாப்பாரப்பட்டியைச் சிவா தம் இறுதிக்காலப் பணிக்களமாகத் தேர்ந்தார். நண்பர்களின் துணையோடு நிலம் பெற்று, அவ்விடத்திற்குப் பாரதபுரம் எனப் பெயரிட்டு, பாரத ஆசிரமத்தை நிறுவினார். அங்குப் பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்ப விரும்பினார். 1923இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். கோயில் எழுவதைக் காணும் முன்னரே, 1925 சூலை 23 அன்று, நாற்பத்தொன்றாம் அகவையில் சிவா மறைந்தார். அவருடைய நினைவிடம் இன்றும் அவ்வூரில் உள்ளது.

பெர்கன் நகரில் ஒரு வழக்கு

சிவா பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், இதே நோயை ஒட்டி நார்வே நாட்டில் ஒரு வழக்கு நடந்தது. தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரியை 1873இல் கண்டறிந்தவர் அர்மாவர் ஹான்சன். நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவும் என்பதை மெய்ப்பிக்க விரும்பிய அவர், 1879இல் பெர்கன் நகர மருத்துவமனையில் இருந்த பெண் நோயாளி ஒருவரின் கண்ணில், வேறொரு நோயாளியிடமிருந்து எடுத்த நோய்ப்பொருளைச் செலுத்தினார். அப்பெண்ணிடம் அவர் நோக்கத்தைச் சொல்லவுமில்லை, இசைவு பெறவுமில்லை. 1880இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனக் கண்டு, மருத்துவமனைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. ஹான்சனின் கண்டுபிடிப்பு மாந்தகுலத்திற்குப் பயன்பட்டது. ஆயினும் அப்பயன் அவர் செய்த பிழையை நியாயப்படுத்தவில்லை. ஏழைப்பெண் ஒருத்தியின் உடலும் அவளுடையதே என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

இசைவு என்னும் அறம்

இன்றைய மருத்துவ அறம் இத்தகைய பட்டறிவுகளிலிருந்து உருவானது. இசைவு என்பது படிவத்தில் கையொப்பம் பெறுவதோடு முடிவதன்று. நோய் இன்னது, செய்யப்போகும் சிகிச்சை இன்னது, அதன் பயனும் இடரும் இவை, மாற்றுவழி இது என்று நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். அச்சுறுத்தலின்றி அவர் முடிவெடுக்க வேண்டும். மறுக்கவும், தந்த இசைவைத் திரும்பப் பெறவும் அவருக்கு உரிமை உண்டு. 2008இல் சமீரா கோலி வழக்கில் நம் உச்சநீதிமன்றம், ஆய்வுக்குத் தந்த இசைவை அறுவை சிகிச்சைக்கான இசைவாகக் கொள்ளலாகாது எனத் தெளிவுபடுத்தியது.

நினைவிழந்து கிடப்பவரின் உயிரைக் காக்க உடனடி உதவி தேவைப்படும்போது, இசைவுக்காகக் காத்திராமல் செயல்படலாம். ஆனால், நினைவோடு இருப்பவரிடம் ஊசி போடும் முன்னும், காயத்தைத் தொடும் முன்னும் சொல்லிக் கேட்பது 108 ஊர்தியில் வரும் மருத்துவ உதவியாளருக்கும் உரிய கடமை. நோயாளியின் செய்தியைப் பிறர்க்கு வெளியிடாமல் காப்பதும் அக்கடமையின் பகுதியே.

காலம் தந்த விடை

இன்று கூட்டு மருந்துச் சிகிச்சையால் தொழுநோய் முற்றிலும் குணமாகிறது. கைகுலுக்குவதாலோ அருகில் அமர்வதாலோ அது பரவுவதில்லை. மருந்து வந்த பின்னரும் சட்டம் மாற நெடுங்காலம் ஆயிற்று. 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்குக்குரிய காரணமாகக் கொண்டிருந்த விதிகள் 2019இல் அகற்றப்பட்டன.

நாட்டு விடுதலைக்காக நடந்த சிவாவின் கால்கள், நோயாளியும் மாண்புடைய மனிதரே என்பதையும் உரைத்தபடி நடந்தன. மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம்; செவிலியராகலாம்; அவசர ஊர்தியில் பணிபுரியலாம். உங்கள் முன் கிடக்கும் உடலுக்கு உரியவர் ஒருவர் இருக்கிறார் என்பதை நினைவிற்கொண்டு, முதலில் அவரிடம் கேளுங்கள்.