ஸர் எஸ். சுப்பிரமணிய ஐயர்

பெரியோர் சரிதங்களை நாம் படிப்பது, அவர்கள் வகித்த பதவிகளைக் கண்டு வியப்பதற்கன்று. அப்பதவிகளை அவர்கள் எவ்வளவாக மதித்தனர் என்பதை அறிதற்கேயாம். மணி ஐயர் என்று ஜனங்களால் அன்புடன் அழைக்கப்பெற்ற ஸர் எஸ். சுப்பிரமணிய ஐயரின் சரிதம் இதற்கோர் உத்தம உதாரணமாகும்.

இவர் 1842-ம் வருஷம் அக்டோபர் மாதம் 1-ந் தேதி மதுரை ஜில்லாவில் ஜனித்தார். தந்தையார் சுப்பையர், நமது பாம்பனும் இராமேசுவரமும் அடங்கியிருந்த இராமநாதபுரம் ஜமீனின் காரியஸ்தராய் விளங்கியவர். ஆதலின் இக்குடும்பம் சேது நாட்டுக்கு அந்நியமன்று. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பிய காலத்திலேயே தந்தையார் காலமானார். சுப்பிரமணிய ஐயர் உத்தியோகம் பார்த்துக்கொண்டே பரீக்ஷைகளுக்குப் படித்து, 1868-ல் பி.எல். பட்டம் பெற்று, மதுரையில் வக்கீல் தொழில் நடத்திக் கீர்த்தியடைந்தார்.

1884-ல் சென்னைச் சட்டசபைக்கு அரசாங்கத்தாரால் நியமிக்கப்பட்டார். அக்காலத்துச் சபையில் தேர்தலில்லை. அங்கத்தினர் கேள்வி கேட்கவும், வரவு செலவைப் பற்றிப் பேசவும் உரிமையில்லை. அங்ஙனமிருந்தும், மறு வருஷம் பம்பாயில் கூடிய முதற் காங்கிரஸுக்கு இவர் தயங்காது சென்றார். 1888-ல் அரசாங்க வக்கீலானார். 1895-ல், ஸர் டி. முத்துசாமி ஐயர் காலமானபின், ஹைகோர்ட்டு நீதிபதி ஸ்தானத்தை அடைந்தார். பிரதம நீதிபதியாகவும் மும்முறை தற்காலிகமாக வீற்றிருந்து, 1907-ல் ஓய்வு பெற்றார். திவான் பகதூர், கே.ஸி.ஐ.இ. முதலிய பட்டங்கள் இவரை நாடி வந்தன.

இவ்வளவுடன் நின்றிருப்பின், இவரைப் பாக்கியசாலி என்று மட்டுமே சொல்லியிருப்போம். 1917 ஜூன் மாதத்தில் அன்னி பெஸண்ட் அம்மையார் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டார். விசாரித்தே தீர்ப்பளித்து வந்த இந்நீதிமானுக்கு அது பொறுக்கவில்லை. எழுபத்துநான்கு வயது கடந்த இவர், ஹோம்ரூல் இயக்கத்தின் தலைவராக நின்று, இந்தியாவுக்குச் சுயாட்சி கிடைக்கத் துணைபுரியுமாறு அமெரிக்க ஜனாதிபதி வில்ஸனுக்கு நிருபம் விடுத்தார். 1918-ல் இந்தியா மந்திரி மாண்டேகு அதனைப் பார்லிமெண்டில் கடுமையாகக் கண்டித்தார். ஐயர் மன்னிப்புக் கோரினாரில்லை. தம் பட்டங்களையே துறந்துவிட்டார்.

1924 டிசம்பர் 5-ந் தேதி இவர் காலகதியடைந்தார். சென்னைக் கடற்கரையில் ஸெனெட் ஹவுஸ் வளாகத்தில் இவரது சிலை நிற்கிறது. உத்தியோகத்தை நாடிப் படிக்கும் நம் இளைஞர்கள் ஐயர் ஏறிய படிகளை மட்டுமின்றி, தர்மத்தின்பொருட்டு அவர் துறந்தவற்றையும் மனத்திற் கொள்வார்களாக.