தங்கைக்காகக் கட்டிய மருத்துவமனை

புதுக்கோட்டை பக்கம் இருந்து வர்ற நம்ம பசங்களுக்கு முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயர் புதுசு இல்ல. கர்ப்பிணிகளுக்கான அரசு உதவித்தொகைத் திட்டத்துக்கே அவங்க பெயர்தான். பொது அறிவுக் கேள்வியில் வர்ற "முதல் பெண்" பட்டியலோடு அவங்களை விட்டுடுறோம். அதைத் தாண்டி ஒரு கதை இருக்கு.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அதே கல்லூரியில் மகள் சேர விரும்பியபோது ஊரே எதிர்த்தது. பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவாங்களாம்! மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் எதிர்ப்பை ஒதுக்கிவிட்டு இடம் கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் தங்கப் பதக்கங்களோடு வெளியே வந்தார்.

டாக்டர் ஆன பிறகுதான் பெரிய அடி விழுந்தது. தங்கைக்கு வயிற்றுக்கடுப்பு என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். உண்மையில் அது புற்றுநோய். தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. வீட்டிலேயே ஒரு டாக்டர் இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்த வலியை அவர் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கவில்லை. 1925இல் லண்டன் போனபோது புற்றுநோய் சிகிச்சையையும் கற்றார். சென்னை மாகாண சட்டமன்ற உறுப்பினராகி தேவதாசி முறைக்கு எதிராகப் போராடினார். சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கு அவ்வை இல்லம் தொடங்கினார். நடுவில் 1935இல், தான் படித்த கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று கேட்டார்.

எப்படியும் சாகப்போகிற நோய்க்கு எதுக்குச் செலவு என்ற எண்ணம்தான் அன்றைக்கு எங்கும். அவர் விடவில்லை, வீடு வீடாக நிதி கேட்டார். 1954 ஜூன் 18 அன்று அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. மொத்தம் 12 படுக்கைகள். அவருக்கு வயது 67. கேட்டதற்கும் திறந்ததற்கும் இடையில் 19 வருஷம்! 1968இல் அவர் மறைந்தார். மகன் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதைப் பெரிசாக வளர்த்தார்கள்.

இதை ஏன் இப்போ எழுதுறேன்னா, ஹாஸ்டல் நண்பன் ஒருத்தனோட அப்பாவுக்கு 48 வயசு. பழகின தெருவிலேயே வழி மறக்கிறார். குடி, டென்ஷன், பேய்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. கடைசியில் டாக்டர் சொன்னது அல்சைமர். தாத்தாவுக்கும் இதே வயசுல இப்படித்தான் ஆச்சாம்.

பெரும்பாலான அல்சைமர் இப்படிப் பரம்பரையாக வருவதில்லை. ரொம்ப அரிதான சில குடும்பங்களில் மட்டும் ஏபிபி, பிஎஸ்இஎன்1, பிஎஸ்இஎன்2 ஆகிய மூன்று மரபணுக்களில் ஏதாவது ஒன்றில் மாற்றம் இருக்கும். பெற்றோரில் ஒருவருக்கு அந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு 50 சதவீதம். நோய் 40களிலேயே, சில சமயம் 30களிலேயே தொடங்கலாம். அப்பாவைப் பார்த்துக்கணும், வீட்டு வருமானம் நிக்கும், அதோடு நாளைக்கு நமக்கும் வருமோ என்ற பயம் வேற. மரபணு சோதனை செய்யலாமா வேண்டாமா என்பதை, ஆலோசகரிடம் பேசிவிட்டு அவனவன்தான் முடிவு பண்ணணும். யாரும் வற்புறுத்தக் கூடாது.

1992இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கம் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு வழி காட்டுது. சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பும் மறதிநோய்ப் பராமரிப்பில் வேலை செய்யுது. ஆனா புதுக்கோட்டை கிராமத்திலிருந்து சென்னை ரொம்ப தூரம்.

ஒரு குடும்பத்தின் துக்கத்தை ஊரின் வேலையாக மாற்ற 19 வருஷம் ஆகும்னு அந்தம்மா வாழ்க்கை காட்டுது. நம்மால் மருத்துவமனை கட்ட முடியாது. நண்பன் செமஸ்டர் எழுதுற நாளில் அவங்க அப்பாவோடு உட்கார்ந்திருக்க முடியும். போன வாரம் நாங்க நாலு பேர் முறை போட்டுக்கிட்டோம்.