துப்புரவு வேலை பார்த்துப் படித்த நோபல் அறிஞர்

சர்வதேச உறவுகள் துறையில் உலகப் புகழ் பெற்ற ரால்ஃப் பன்ச், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கருப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே தாயை இழந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பாட்டிதான் அவரை வளர்த்துப் படிக்க வைத்தார்.

விளையாட்டு உதவித்தொகையில் கல்லூரியில் சேர்ந்த பன்ச், கைச்செலவுக்காகத் துப்புரவு வேலை பார்த்தார். 1927இல் முதல் மாணவராகப் பட்டம் பெற்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகம் உதவித்தொகை தந்தது. மேற்கொண்டு ஆகும் செலவுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் கருப்பின மக்கள் 1,000 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள்.

பிறகு ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் துறையைத் தொடங்கினார். மேற்கு ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு ஆட்சியை நேரில் சென்று ஆராய்ந்து, 1934இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அரசியல் அறிவியலில் முனைவரான முதல் கருப்பினத்தவர் அவரே.

1949இல் ஐக்கிய நாடுகள் சபையின் சார்பில், இஸ்ரேலுக்கும் நான்கு அரபு நாடுகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்பாடுகளை ஏற்படுத்தினார். அதே ஆண்டு அமெரிக்க வெளியுறவுத் துறையில் உயர்பதவி ஏற்க அதிபர் ட்ரூமன் அழைத்தார். தலைநகர் வாஷிங்டனில் கருப்பினத்தவரை ஒதுக்கி வைக்கும் வழக்கம் இருந்ததால் பன்ச் மறுத்துவிட்டார். 1950இல் அமைதிக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

அத்தனை பெருமைக்குப் பிறகும், 1959இல் நியூயார்க் டென்னிஸ் மன்றம் ஒன்று அவர் மகனைச் சேர்க்க மறுத்தது. கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டு, உறுப்பினராகும்படி அழைத்தது. தம் புகழுக்காக மட்டும் திறக்கும் கதவு தம் மக்களுக்குத் திறந்ததாகாது என்று அதையும் ஏற்க மறுத்தார். 1971இல் பன்ச் மறைந்தார்.